சார்ந்ததன் வண்ணமும் கற்கும் பொறியும்



தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த நாள்களில், முத்துக்களை வகைப்படுத்துதற்குப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதலதற்கு 20 துளைகள், கடையதற்கு 1000. பருமையை அவை காட்டின. ஒளி, உருட்சி, நிறம் ஆகியவற்றை வணிகரின் கண்ணே கண்டது. அக்கண் ஏட்டு விதியாற் பழகியதன்று; பல்லாயிரம் முத்துக்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. 1961-ஆம் ஆண்டிற்குப்பின் அக்குளிப்பு ஓய்ந்தது.

இக்காலப் பொறிகள் சல்லடையின் நிலையைக் கடந்து, அக்கண்ணின் தொழிலை மேற்கொண்டுள்ளன. இயந்திரக் கற்றல் என வழங்கும் இம்முறையில், விதியை ஒருவர் வகுத்துக் கொடுப்பதில்லை. எடுத்துக்காட்டுக்களைப் பெருந்தொகையாக முன்வைப்பின், பொறி தன்னுள் அமைந்த எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்தி, அவற்றுக்கு இயைந்த விடை தரப் பழகுகின்றது. 2016-இல் வெளிவந்த கூகிள் நிறுவனத்தாரின் ஆராய்ச்சியில், நீரிழிவினால் விழித்திரைக்கு நேரும் கேட்டை அறிதற்பொருட்டு 128,175 படங்கள் இங்ஙனம் காட்டப்பட்டன. அவற்றைத் தரம் பிரித்தவர் 54 மருத்துவர். ஒவ்வொரு படத்தையும் மூவர் முதல் எழுவர் வரை நோக்கினர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அம்முயற்சியிற் பங்குகொண்டது. கண் மருத்துவரை எளிதிற் காணவியலாத சிற்றூரார்க்கு இதனால் விளையக்கூடும் நன்மை பெரிது. புதுமையென்று இதனை இகழ்தல் அறிவுடையார்க்கு அழகன்று.

ஆயினும், ஒரு பாரில் எடுத்த முத்தையே கண்டு பழகிய கண், வேறு பாரின் முத்தை மதிப்பிடத் தடுமாறுமன்றோ? முகத்தைக் கண்டு ஆண் பெண் எனப் பகுக்கும் பொறிகளை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இருவர் 2018-இல் சோதித்தனர். வெண்ணிற ஆடவர்பால் பிழை நூற்றுக்கு 0.8-ஐ விஞ்சவில்லை, கருநிற மகளிர்பால் 34.7 வரை சென்றது. பொறி தான் சார்ந்ததன் வண்ணமாயிற்று.

"சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கன்றோ கூறப்பட்டது? பொறிக்கும் அஃதுண்டெனின் பொறியும் உயிராமோ?" எனக் கடாவுவாருளர். ஆகாது. பளிங்கை உயிர்க்கு உவமை கூறியது நிறம் பற்றும் அளவிற்கே. பளிங்கு, தான் சிவந்ததனைத் தான் அறியாது. உயிரோ பற்றியதை அறியும், இன்பதுன்பம் நுகரும், விடவும் விரும்பும். பொறி சடமாதலின் அதற்கு வினையில்லை. எனவே, ஒருவனுக்குக் கடன் மறுத்தும், ஒருவனைக் கள்வனென்று பிடித்தும், "இஃது இயந்திரத்தின் முடிபு" என ஒதுங்குவாரை நம் நூல்கள் விடா. வாள்மேற் பழியை ஏற்றிக் கொலைஞன் தப்பியதுண்டோ? பழக்கியவர், விற்றவர், ஏவியவர் ஆகியோரையே அவ்வினை சாரும்.

இனி, நம்மை நேரே தொடுவதொன்று. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் சிலர், சாட்ஜிபிடி புனைந்து கூறிய இல்லாத தீர்ப்புக்களை மெய்யென நம்பி நீதிமன்றத்திற் காட்டி, 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பெற்றனர். இல்லாத தீர்ப்பைப் புனைந்தது இல்லாத செய்யுளையும் புனையும். மாணவனொருவன் சிவஞானபோதச் சூத்திரத்திற்குப் பொருள் வினவின், மாபாடிய நடையிலேயே மாபாடியத்தில் இல்லாததொன்றை அது தயங்காது கூறல் கூடும். எச்சொல்லின்பின் எச்சொல் வரும் என்பதே அது முதற்கண் பழகியது. அறியாமையை ஒப்புக்கொள்ளும் ஆசிரியரிடம் பாடங்கேட்டவனுக்கு இவ்வேறுபாடு விளங்கும்; பொறியிடமே தொடங்குவானுக்கு யாங்ஙனம் விளங்கும்?

ஒரு விழித்திரைப் படத்திற்கு மூவர் முதல் எழுவர் வரை வேண்டப்பட்டனர். நம் சாத்திரங்களையும் பொறிகள் கற்கும் இந்நாளில், ஒரு சூத்திரத்தின் பாடத்தையும் உரையையும் சரிபார்த்துக் கொடுத்தற்கு அத்துணைப் புலவரைத் திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்கள் அமர்த்துமாயின், அவர்தம் முதற்பணி சிவஞானபோதத்தினின்றே தொடங்குக.