குப்பை மனையில் முளைத்த சிற்பங்கள்

1986-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஏழைகள் வாழும் வடபகுதி. கைவிடப்பட்ட வீடுகளுக்கு நடுவே குப்பை மண்டிக் கிடந்த ஒரு காலி மனையைப் பூங்காவாக்க வந்து நின்றார், சீனாவில் பிறந்த ஓவியர் லிலி யே. கையிலிருந்த பணம் கொஞ்சம். திறந்த வெளியில் வேலை செய்த பழக்கமும் அவருக்கு இல்லை.

முதலில் ஓடி வந்து கை கொடுத்தவர்கள் அந்தத் தெருவின் குழந்தைகள்தான். அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் வந்தார்கள். குப்பை அகன்றது, சிமெண்டால் ஆன மர வடிவச் சிற்பங்கள் எழுந்தன, உடைந்த டைல்ஸ் சில்லுகள் சுவர்களில் மொசைக் ஓவியங்களாயின. அந்த ஒரு மனையிலிருந்து பல பூங்காக்களும் தோட்டங்களும் கொண்ட ஒரு கலைக் கிராமமே வளர்ந்தது.

பிறர் கட்டிக் கொடுத்த தோட்டத்தில் பிள்ளைகள் விருந்தாளிகள். தாங்களே கட்டிய தோட்டத்திலோ அவர்கள் உரிமைக்காரர்கள். தன் கையால் ஒட்டிய சில்லை எந்தப் பிள்ளையும் பெயர்க்காது. தான் கட்டிய பந்தலில் ஏறும் கொடியை வாட விடாது. அழகு அங்கே அலங்காரம் அல்ல, காவல்.

உங்கள் தெருவிலும் குப்பை கொட்டும் ஓர் இடம் இருக்கும். அதைச் சுத்தம் செய்ய யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். உரியவர்களிடம் அனுமதி பெறுங்கள்; பிள்ளைகள் கையில் ஒரு மண்வெட்டியும் ஒரு தூரிகையும் கொடுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் மண் சுமங்கள்.