கட்டணம் செலுத்திய விருந்தாளி

1872-இல் கியோட்டோ களையிழந்து கிடந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் அது. பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊரின் தொழிலைத் தூக்கி நிறுத்த ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். அதுவரை கியோட்டோவுக்குள் எளிதில் நுழைய முடியாத வெளிநாட்டவருக்கு, அந்தக் காட்சியை ஒட்டித் தனி அனுமதி கிடைத்தது. வருகிறவர்களுக்குத் தேநீர்ச் சடங்கையும் காட்ட வேண்டும். ஆனால் அவர்களுக்கோ தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து பழக்கமில்லை. உராசென்கே தேநீர்ப் பள்ளியின் பதினோராம் தலைவர் கெங்கென்சாய், மேசையும் இருக்கையும் போட்டுத் தேநீர் வழங்கும் ர்யூரெய் என்ற புது முறையை வகுத்தார். ஐரோப்பியரின் முழங்காலுக்காகப் பிறந்த அந்த முறை இன்று ஜப்பானியருக்கே முறையான வடிவங்களில் ஒன்று.

பயணிகளுக்காகச் சடங்கை வளைப்பது சரியா என்ற கேள்விக்கு 150 வயது தாண்டிவிட்டது. இன்று அதன் அளவுதான் மாறியிருக்கிறது. 2024-இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 3 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பலர் கியோட்டோவையும் எட்டிப் பார்க்கிறார்கள். கிமோனோ உடுத்தி முக்கால் மணி நேரத் தேநீர், ஜென் பௌத்தக் கோயில் கூடத்தில் ஒரு மணி நேரத் தியானம், உடைந்த கிண்ணத்தை ஒட்டித் தங்கம் பூசும் கின்சுகி இரண்டு மணி நேரம் என்று ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிட்டு மாலையில் ஒசாகாவுக்கு ரயில் ஏறிவிடலாம்.

இதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. புனிதமானது சந்தைக்கு வந்துவிட்டது என்பது அவர்கள் வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது விரல் நீட்டும் இடம் தவறு. விலை வாங்குவதோ நேரத்தைக் குறைப்பதோ பெரிய குற்றமாகாது. ஜென் எதைத் தரும் என்று சொல்லி விற்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஜென் மரபின் முதல் கதையே இதைப் பற்றியது. ஜென் வழியினர் தங்கள் முதல் ஆசானாக வணங்குவது போதிதர்மரை. அவருடைய பிறப்பிடம் தெளிவாகத் தெரியவில்லை. 547-இல் எழுதப்பட்ட சீன நூல் அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு அவரைத் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சிபுரம் பிற்காலத்தில் சேர்ந்த பெயர். '7ஆம் அறிவு' படத்துக்குப் பிறகு அந்தப் பெயர் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்ததாகிவிட்டது. அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், ஜென் மடங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் கதை ஒன்றுதான். லியாங் நாட்டுப் பேரரசர் வூ பெரிய பௌத்தப் பற்றாளர். கோயில்கள் கட்டினார், சூத்திரங்களைப் படியெடுக்க வைத்தார், துறவிகளுக்கு அள்ளிக் கொடுத்தார். இத்தனைக்கும் எனக்குக் கிடைக்கும் புண்ணியம் எவ்வளவு என்று அவர் கேட்க, ஒன்றுமில்லை என்றாராம் போதிதர்மர். பிறகு வடக்கே போய் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார் என்று கதை நீள்கிறது.

கதை பிற்காலத்தில் எழுதப்பட்டதுதான். வரலாறாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு மரபு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைக்கு வரலாற்றைவிடக் கனம் அதிகம். இவ்வளவு கொடுத்தேன், அதற்கு ஈடாக எனக்கு என்ன என்ற கணக்கையே வாசலில் நிறுத்திவிடுகிற நெறி இது. இன்றைய விளம்பரமோ மன அழுத்தம் குறையும், கவனம் கூடும், உள்ளத்தில் அமைதி நிறையும் என்கிறது. பேரரசர் வூ கேட்ட கேள்விக்கு, கட்டணத்தோடு சேர்த்து, உண்டு என்று பதில் சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஜென் ஆசான்களில் ஒருவரான சவாகி கோதோ, சாஸென் என்னும் அமர்வால் எந்தப் பயனும் இல்லை என்று தன் மாணவர்களிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவந்தவர். அவரைக் கொண்டு யாரும் விளம்பரப் பலகை எழுத முடியாது.

பயன் கருதாமல் உட்காருவதைச் சோத்தோ என்ற ஜென் பிரிவின் அடித்தளமாக வைத்தவர் தோகென். 1223-இல், இருபத்து மூன்று வயதில், மெய்யான ஆசானைத் தேடிச் சீனாவுக்குக் கப்பல் ஏறினார். துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது ஒரு முதிய துறவி காளான் வாங்க வந்தார். பல மைல் தொலைவிலிருந்த மடத்தின் சமையல்காரர் அவர். இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகலாமே, சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா, இந்த வயதில் தியானமும் படிப்பும் உங்களுக்கு மேலல்லவா என்றார் தோகென். முதியவர் சிரித்தார். இந்த வெளிநாட்டு நண்பருக்குப் பயிற்சி என்றால் என்னவென்று இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, நாளைய சமையலுக்காக அன்றே திரும்பி நடந்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, மடத்துச் சமையல்காரருக்கான நெறிகளை எழுதிய நூலில் தோகென் இதைப் பதிந்து வைத்தார். ஞானம் தேடி வெளிநாடு போன ஒரு பயணிக்கு முதல் பாடத்தைக் கற்பித்தது காளான் மூட்டை தூக்கிய ஒருவர். எத்தனை அழகான தொடக்கம்!

தோகென் 1244-இல் நிறுவிய எய்ஹெய்ஜி மடம், ஃபுகுய் மாநில மலையடிவாரத்தில் இன்றும் இயங்குகிறது. வெளியார் அங்கே இரவு தங்கலாம். பொழுது விடியும் முன்பே எழ வேண்டும், சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், நீண்ட காலை வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும், பேசாமல் உண்ண வேண்டும். விருந்தினரின் வசதிக்காக மடத்தின் மணி மாறுவதில்லை.

சரி, தேநீர் எப்படி?

விற்பனைக்கு வருமுன் தேநீர் வழி மாசற்று இருந்தது என்று நினைப்பவர்கள் சென் நோ ரிக்யூவின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். சகாய் துறைமுகத்து வணிகக் குடும்பத்தில் 1522-இல் பிறந்தவர். அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் தாய்-ஆன் தேநீர் அறை, கியோட்டோவுக்கு அருகே யமசகியில் இருக்கிறது. இரண்டே பாய் விரிக்கும் இடம், மண்பூச்சுச் சுவர். இத்தகைய அறைகளின் வாசல் சுமார் 66 சென்டிமீட்டர் உயரம்தான். பெருநிலக்கிழாரும் வாளை வெளியே கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும். இதே ரிக்யூ பணியாற்றியது, ஜப்பானைத் தன் கைக்குள் கொண்டுவந்த தொயொதொமி ஹிதெயோஷியிடம். ஹிதெயோஷி தங்கத்தகடு போர்த்த தேநீர் அறை ஒன்றைச் செய்து, கழற்றி மாட்டி ஊர் ஊராகக் கொண்டுபோனவர். 1587-இல் கித்தானோ கோயில் வளாகத்தில் பெரும் தேநீர்க் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். குடியானவர், பணியாளர், சீனத்திலிருந்து வந்தவர் யாராக இருந்தாலும் ஒரு கெண்டியும் வாளியும் கிண்ணமும் கொண்டுவந்தால் போதும், தேயிலை இல்லையென்றால் வறுத்த மாவு கரைத்தாலும் சரி என்று அறிவித்தார். பத்து நாள் என்று சொன்னது ஒரே நாளில் முடிந்தது. நான்கு ஆண்டுகளில் அவர் கட்டளைப்படியே ரிக்யூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார்.

பணம், அதிகாரம், ஆடம்பரம், வெளிநாட்டு விருந்தாளி எல்லாம் தேநீரோடு தொடக்கத்திலிருந்தே இருந்தன. அவற்றுக்கு நடுவேதான் அந்தத் தாழ்ந்த வாசல் வைக்கப்பட்டது. வருகிறவர் யார் என்று அது கேட்பதில்லை, குனிய மட்டும் சொல்கிறது.

முழுத் தேநீர் விருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடக்கும். அடுப்புக்குக் கரி அடுக்குவது, உணவு, இடைவேளை, பிறகு எல்லோரும் ஒரே கிண்ணத்திலிருந்து பகிர்ந்து பருகும் கெட்டித் தேநீர், கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம் மெல்லிய தேநீர். இதில் விருந்தாளி பார்வையாளராக இருக்க முடியாது. கிண்ணத்தின் முகப்பில் வாய் வைக்காதபடி அதைத் திருப்ப வேண்டும். பருகிய பின் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். தலைமை விருந்தாளி அதைச் செய்தவர் யார் என்று கேட்க வேண்டும். அன்றைக்காகத் தேர்ந்து மாட்டிய எழுத்துச் சுருளைக் கவனிக்க வேண்டும். பாதி வேலை விருந்தாளியுடையது. அவர் அதைச் செய்யாவிட்டால் விருந்தளிப்பவர் எத்தனை வல்லவரானாலும் கூட்டம் நிறைவடையாது.

ஒவ்வொரு கூடலும் வாழ்வில் ஒரே முறைதான், அதே ஆட்கள் மீண்டும் கூடினாலும் அது வேறு என்ற கருத்தை விரித்து எழுதியவர் ஈ நாவோசுகே. தேநீர் அன்பர், அன்று ஜப்பானை ஆண்ட ஷோகுன் அரசின் தலைமை அமைச்சரும்கூட. அமெரிக்காவுக்குத் துறைமுகங்களைத் திறந்துவிட்ட 1858 உடன்படிக்கை அவர் பொறுப்பில்தான் கையெழுத்தானது. அந்தச் சினத்திலும் அவர் நடத்திய அடக்குமுறையின் வஞ்சத்திலும், 1860-இல் எதிரிகள் அவரை வெட்டிக் கொன்றார்கள். இன்று ஏறத்தாழ எல்லாச் சுற்றுலாத் தேநீர் அறைகளிலும் சொல்லப்படும் இந்த வாசகத்தின் பின்னால், வெளிநாட்டவருக்குக் கதவு திறந்து உயிர்விட்ட ஒருவர் இருக்கிறார். முதல் முறையும் கடைசி முறையுமாக ஓர் அறைக்குள் வரும் பயணிக்கு அந்த வாசகம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பொருந்தும். ஒரு மணி நேரமும் போதும், அந்த நேரத்தில் அவர் விருந்தாளியாக இருந்தால்.

அந்த ஒரு மணி நேரம் அவருடையது மட்டுமில்லை. மாச்சா என்னும் தேயிலைப் பொடிக்கான செடிகள் அறுவடைக்கு முன் மூன்று வாரமளவு நிழல்பந்தலின் கீழ் இருக்க வேண்டும். கல் திரிகை ஒரு மணி நேரத்தில் அரைப்பது 40 கிராம் அளவுதான், இருபது கிண்ணத்துக்கு ஆகும். தேநீரை நுரைக்கக் கலக்கும் துடுப்பு ஒற்றை மூங்கில் துண்டைக் கத்தியால் பல பத்து இழைகளாகக் கீறிச் செய்வது. நாரா மாநிலத்துத் தகயாமாவில் தலைமுறைகளாக அதே வேலையாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. பயணி காலை நீட்டி உட்காரும் முன்பே பலருடைய மாதங்கள் அந்தக் கிண்ணத்தில் விழுந்துவிட்டன.

கைத்தொழில் பயிற்சிகளில்தான் ஏமாற்று எளிது. கின்சுகி என்பது உருஷி மரத்தின் பாலைக் கொண்டு உடைசலை ஒட்டி, மேலே பொன்துகள் தூவும் வேலை. காற்றில் ஈரம் இருந்தால்தான் அந்தப் பால் இறுகும். ஒரு பூச்சு இறுகி அடுத்ததைப் பூச நாட்கள் ஆகும், முழுக் கிண்ணம் முடிய வாரங்கள், சில வேளை மாதங்கள். பழகாத தோலில் பட்டால் தடிப்பும் அரிப்பும் வரும். இரண்டு மணி நேரத்தில் கிண்ணத்தைக் கையில் கொடுத்தனுப்பும் பயிற்சிகளில் இருப்பது பெரும்பாலும் எபாக்ஸிப் பசையும் பொன்னிறத் தூளும். அதை வெளிப்படையாகச் சொல்லிக் கற்பிக்கும் இடங்களில் பிழையில்லை. பசையால் ஒட்டிவிட்டுப் பொறுமையைப் பற்றி உரையாற்றுவது தவறு. கின்சுகியில் பொறுமை என்பது தத்துவமாவதற்கு முன் உருஷி இறுக எடுத்துக்கொள்ளும் நேரம்.

இந்த இடத்தில் ஒரு கிண்ணத்தை நினைக்காமல் இருக்க முடியாது. கியோட்டோ தைதோகுஜியின் துணைக் கோயிலான கோஹோ-ஆனில் இருக்கும் கிசாஎமோன் கிண்ணம், ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று. நாட்டார் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யானகி சோஎட்சு 1931-இல் அதைக் கையில் வாங்கிப் பார்த்து வியந்து எழுதினார். அவர் வியந்தது அதன் எளிமையை. அவர் பார்வையில், கொரியக் குயவர் ஒருவர் ஏழைகள் சோறு உண்ணச் செய்த மலிவுக் கிண்ணம் அது. செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. அழகு படைக்கிறோம் என்றோ ஞானம் பெறுகிறோம் என்றோ நினைக்காமல், அடுத்த கிண்ணத்துக்கு மண் பிசைந்திருப்பார். தேநீர் மரபு தலைமேல் வைத்துக் கொண்டாடும் பொருளைச் செய்தவருக்கு ஓர் 'அனுபவம்' வாய்க்கவேயில்லை. வேலைதான் வாய்த்தது. தோகென் கப்பலில் சந்தித்த சமையல்காரரும் இவரும் ஒரே கூட்டம்.

அதனால் மட்பாண்டப் பயிற்சியில் சக்கரத்தில் கை வைத்து, மண் கோணிச் சரிவதைப் பார்த்து எழுந்து வருகிற பயணிக்கு, மிடுக்கான கிண்ணத்தோடு திரும்புகிறவரைவிட நிறையக் கிடைத்திருக்கிறது. தன் கைக்கு எட்டாத ஒன்று இன்னொருவர் கையில் எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று நேரில் கண்டிருக்கிறார். பயிற்சி நடத்துபவர் பின்னால் நின்று அந்தக் கிண்ணத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டால், அதுவும் போய்விடும்.

பயணியிடம் உழைப்பைக் கேட்கத் துணிந்த கோயில் ஒன்றும் கியோட்டோவில் உண்டு. பாசித் தோட்டத்துக்குப் பெயர்பெற்ற சைஹோஜி. கூட்டம் பெருகிப் பாசி கெட்டதால் 1977-இல் பொது நுழைவை நிறுத்திக்கொண்டது. அதன் பின் முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களை மட்டும் எண்ணி அனுமதிக்கிறது. உள்ளே போனதும் தோட்டத்துக்கு வழி விடுவதில்லை. முதலில் உட்கார்ந்து, தூரிகையோ பேனாவோ பிடித்துச் சூத்திரம் எழுத வேண்டும். எழுத்து தெரியாதவர்கள் மங்கலாக அச்சிட்டதன் மேலேயே எழுதிப் போகலாம். பணமும் வாங்குகிறார்கள், சாதாரணக் கோயில்களைவிடப் பல மடங்கு. ஆனாலும் பயணியைப் பயணியாக விட்டுவைக்காத ஏற்பாடு இது. இதைவிட நேர்மையான ஏற்பாட்டைக் காண்பது அரிது.

வெளியாருக்கு ஜென்னும் தேநீரும் எட்டாது என்று கதவை மூடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். உராசென்கேயின் பதினைந்தாம் தலைவர் சென் கென்ஷித்சு, 2025 ஆகஸ்டில் 102 வயதில் காலமானவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் தற்கொலைத் தாக்குதல் பிரிவில் விமானியாக இருந்து, பறக்கும் கட்டளை வராமலே உயிர் தப்பியவர். தோழர்கள் பலர் திரும்பவில்லை. 1951-இல் தொடங்கி, முந்தைய பகைநாடான அமெரிக்கா உட்பட உலகெங்கும் தேநீர் கலந்து கொடுத்தார். ஒரு கிண்ணத்தால் அமைதி என்பதை அவர் சொன்னபோது அது விளம்பர வாசகமாக இல்லை; கொல்லவும் சாகவும் பயிற்றுவிக்கப்பட்ட கை அந்தக் கிண்ணத்தை நீட்டியது.

கியோட்டோவுக்குப் போகும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ஒரே நாளில் மூன்றை அடுக்காமல் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பதிவு செய்யும் முன், நான் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்று பதில் வந்தால் வேறிடம் தேடுங்கள். கிண்ணத்தில் கீறல் விழாதிருக்க மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். படம் எடுக்கலாமா என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். கிண்ணம் கைக்கு வந்ததும், இதைச் செய்தவர் யார் என்று முதலில் கேளுங்கள்.