விளையாட்டுக் கூடமும் பாலாலயமும்

பழுதுற்ற கோயிலைப் புதுப்பிக்கப் புகுமுன், மூலவரின் சாந்நித்தியத்தைக் கலசத்தில் ஆவாகனம் செய்து, தற்காலிகமான பாலாலயத்தில் எழுந்தருளப் பண்ணி, அங்கே பூஜை தடையின்றி நடக்க வகைசெய்த பின்னரே கல்லில் உளி படவேண்டும் என்பது நம் ஆகம மரபு. வட சென்னையின் எர்ணாவூரை அடுத்த திருவொற்றியூரில், ராஜேந்திர சோழன் காலத்தில் விமானம் கருங்கல்லால் எழுந்தபோதிலும், புற்று வடிவினராகிய ஆதிபுரீசுவரர் இன்றும் கவசத்தினுள் மண்ணாகவே வீற்றிருக்கிறார். மாற்றத்தக்கது எது, மாற்றலாகாதது எது என்னும் விவேகமே இப்புதுப்பிப்பாகிய ஜீர்ணோத்தாரணத்தின் உயிர்.

இந்த விவேகத்தை எர்ணாவூரில் ஊரார் விளையாடும் கூடத்தைப் புதுப்பிப்பதற்கும் பொருத்துவது சமயத்துக்கு இழுக்காகுமோ? ஆகாது என்பதே என் துணிபு. சிருஷ்டி முழுவதையும் இறைவனின் திருவிளையாட்டாகக் கண்ட சமயம் நம்முடையது. சரீரத்தை அவன் உறையும் இடமென்று போற்றியவர் திருமூலர். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதையே தொண்டாகக் கொண்டு உழவாரம் ஏந்தியவர் அப்பர். பராமரிப்பும் வழிபாடே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பாலாலயத்தின் அருமை விளையாட்டிலும் விளங்கும். 1956-இல் இந்திய ஆட்டக்காரர் மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்த சென்னை மாநகராட்சி மைதானம், 1993-இல் நேரு விளையாட்டரங்கமாக உருமாறிற்று. கிரிக்கெட் அதற்கு வெகுகாலம் முன்பே சேப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தமையால், அந்த ஆட்டம் அநாதையாகவில்லை. வட சென்னையின் குறுந்தெருக்களில் கேரம் பலகையையும் குத்துச்சண்டைக் கையுறையையும் நம்பி வளரும் பிள்ளைகளுக்கோ, உள்ள கூடம் பூட்டப்பட்டால் புகலிடம் ஏது?

கடற்காற்று எர்ணாவூரின் கட்டடங்களை எளிதில் விடுவதில்லை. உப்பு கான்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு பருத்து மேற்பூச்சைப் பிளக்கிறது. ஆதலால்தான் கடலோரக் கட்டுமானத்தில் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டுமென்று இந்தியத் தரவிதி வகுக்கிறது. புதுப்பிக்கும் பொறியாளர் இதைக் கைவிடலாகாது. உஷ்ணக் காற்று வெளியேறக் கூரையடியில் திறப்புகளும் வேண்டும். இவை நூலறிவால் கைகூடுவன.

கைகூடாமற்போவது பணிக்காலத்தில் பிள்ளைகள் ஆடுவதற்கான பாலாலயம் ஒன்றே. ஆடவர் கபடிக்கு வேண்டிய களமோ 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமே. மாலைவேளையில் ஒரு பள்ளி முற்றம் அதற்குப் போதும். ஆகவே, கூடத்தைச் செப்பனிட முன்வரும் அதிகாரிகளையும், அவர்களிடம் விண்ணப்பிக்கும் ஊர்ப் பெரியோரையும் வேண்டிக்கொள்கிறேன்: பணி முடியும்வரை பிள்ளைகள் ஆடும் இடத்தை வரைபடத்தின் முதல் தாளிலேயே குறியுங்கள்; அவ்விடத்தில் ஆட்டம் தொடங்கிய பிறகே பழைய சுவரில் கடப்பாரை வைக்க அனுமதியுங்கள்.