கொல்லா நோன்பும் கனிமர மருந்தும்



முத்தாபுதுப்பேட்டையிலும் ஆவடியைச் சூழ்ந்த பிற ஊர்களிலும் வாழும் நாம் வீட்டின் பின்புறத்தில் கொய்யா, பப்பாளி, எலுமிச்சை ஆகியவற்றுள் ஒன்றையேனும் வளர்த்து வருகிறோம். இலையில் மாவு போல் வெண்பூச்சி படிந்தவுடன், "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கடைக்காரரிடம் கேட்கிறோம். அதற்கு முன் நம் நெஞ்சிடம் கேட்க வேண்டியன சில உள.

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை ஆன்றோர் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்தனர். சமைத்தல், பெருக்குதல் முதலியவற்றில் நேர்வது ஆரம்ப இம்சை. கொல்லும் எண்ணத்துடன் செய்வது சங்கற்ப இம்சை. அணுவிரதி அதனை அறவே விலக்குதல் வேண்டும். பூச்சியைக் குறிவைத்து நஞ்சு தெளிப்பது இவற்றுள் எதில் அடங்கும் என்பதைச் சிந்திப்போமாக. ஆள் வைத்துத் தெளித்தாலும் பழி நீங்காது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைக் கொணர்வனவே.

"இயற்கை மருந்துதானே" என்று சிலர் அமைதி கொள்கின்றனர். மாவுப்பூச்சிக்குப் பரிந்துரைக்கப்படும் மீன் எண்ணெய் சோப்பு மீனிலிருந்து வந்தது. மீன் அமிலம் என்பது மீனை வெல்லத்தோடு ஊறவைத்து ஆக்குவது. உறையைப் படித்துப் பாராமல் இவற்றை வாங்குதல் நமக்குத் தகாது. வேப்பெண்ணெயும் பூச்சியின் உணவையும் வளர்ச்சியையும் தடுப்பதே. அதனால் விளையும் தீங்கு குறைவு, ஆயினும் தீங்கே இல்லை என்று கூற இயலாது.

கடுநஞ்சு மரத்தையேனும் காக்குமா? 2008ஆம் ஆண்டு பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டு, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றையும் அழித்தது. உழவர்கள் மீண்டும் மீண்டும் நஞ்சு தெளித்தனர். பூச்சியின் மேலுள்ள மெழுகுப் போர்வை நஞ்சை எளிதில் உட்புக விடவில்லை. இடையில் வேறு பல சிற்றுயிர்கள் மடிந்தன. 2010ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொணர்ந்த நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகள் விடப்பட்ட பின்னரே அது அடங்கியது. அக்குளவியும் கொன்று வாழ்வதே; அதனை நம் அறமாகப் போற்ற வேண்டுவதில்லை. நஞ்சினால் எண்ணற்ற உயிர்கள் மாய்ந்தும் மரம் பிழைக்கவில்லை என்பதே நாம் அறிய வேண்டிய பாடம்.

ஆகவே, வருமுன் காப்பதே நம் வழி. கொய்யாப் பிஞ்சு எலுமிச்சை அளவு பருக்கும்போதே காகிதப் பையாலோ துணிப் பையாலோ மூடிக் கட்டுவோம். பழ ஈ முட்டையிட இயலாது, புழு தோன்றாது, கொல்ல வேண்டிய தேவையும் எழாது. மாவுப்பூச்சியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வது எறும்பு. கிளைகள் சுவரைத் தொடாதவாறு கழித்துவிட்டால் எறும்பு ஏறும் வழி குறையும்.

எலுமிச்சையில் சொறி நோய் கண்டால் போர்டோ கலவை உதவும். மயில்துத்தம் 10 கிராமையும் சுட்ட சுண்ணாம்பு 10 கிராமையும் தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்துப் பின் ஒன்றாகக் கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் ஆகாது. இக்கலவையை மண்ணில் மிகுதியாக வழியவிட்டால் ஈரறிவுடைய மண்புழு கெடும். எம்மருந்தாயினும் பூக்கும் பருவத்தில் தெளிக்கலாகாது. நாலறிவுடைய தேனீக்கள் அப்போது மரத்தை நாடி வரும்.

கவனமின்மையோடு உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். எவ்வுயிர் வந்துள்ளது, மருந்து இன்றியமையாததா, அது எதனால் ஆயது, வேறு எவ்வுயிர் மடியும் என்று ஆராய்வதே கவனம். இத்தனையும் செய்த பின் நான்கு கனிகள் பூச்சிக்குப் போனால் போகட்டும். நம் விரதம் பழுதுறாமல் நிற்பதே நமக்குப் பெரும்பயன்.

அறம் வளர்க!