தௌபா செய்தவருக்கு ஒரு வீடு

 



ரமலான் பிறை தென்பட்டதும் குடியை நிறுத்திவிட்டு, பெருநாள் கழிந்த மறுநாளே பழைய கடை வாசலில் போய் நிற்பவர் நம் முஹல்லாக்களில் இல்லையா? "ஒரு மாதம் கட்டுப்பட்டு இருக்கத் தெரிந்தவனுக்குப் பதினொரு மாதம் இருக்கத் தெரியாதா? எல்லாம் திமிர்!" என்று நாம் ஏசுகிறோம். ஏசுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். அந்த முப்பது நாளும் அவரால் எப்படி முடிந்தது?

ஸஹர் நேரத்தில் வீட்டார் எழுப்பிவிட்டார்கள். பகலெல்லாம் தெருவே நோன்பாக இருந்தது. மாலையில் பள்ளிவாசலில் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். இரவில் தராவீஹுக்குத் தோளோடு தோள் சேர்ந்து நின்றார். கூடக் குடிக்கும் கூட்டாளிகூட அந்த மாதம் வந்து அழைக்கவில்லை. நேரத்துக்கு ஓர் ஒழுங்கு, போவதற்கு ஓர் இடம், பக்கத்தில் ஒரு துணை ஆகிய மூன்றும் அவருக்குக் கிடைத்திருந்தன. பெருநாளோடு மூன்றும் கலைந்துவிட்டன. பிறகு அவர் விழுந்ததில் என்ன வியப்பு இருக்கிறது?

மதுவும் கஞ்சாவும் போதை மாத்திரையும் ஹராம் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தடையில் எள்ளளவும் தளர்வு கிடையாது. ஆனாலும் அல்லாஹ் அந்தத் தடையை இறக்கிய விதத்தைக் கவனியுங்கள். மதுவில் பயனைவிடப் பாவம் பெரிது என்று முதலில் உணர்த்தினான் (2:219). போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்று அடுத்து விலக்கினான் (4:43). அதன் பின்னரே முற்றாக விட்டொழிக்கும்படி கட்டளையிட்டான் (5:90). மனிதனைப் படைத்தவனே அவனைப் படிப்படியாக நடத்திச் சென்றிருக்கிறான். இன்று நமக்கு முழுத்தடை ஒன்றே சட்டம். என்றாலும் விட்டுவிட நினைப்பவரைக் கைப்பிடித்து நடத்திச் செல்லும் பொறுப்பு நம்மை விட்டு நீங்கவில்லை.

வைத்தியர்கள் சொல்வதையும் கேட்போம். ஆண்டுக்கணக்கில் அதிகமாகக் குடித்த உடல் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் புத்தி தடுமாற்றமும் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே வீட்டு அறையில் பூட்டி வைக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உடலின் அந்த அவதி சில நாட்களில் அடங்கிவிடும். மனத்தின் நாட்டமோ மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தலைதூக்கிக்கொண்டே இருக்கும். பழைய தெரு, பழைய சிநேகிதர், சம்பள நாள், வீட்டுச் சண்டை என்று எது வேண்டுமானாலும் அதைக் கிளப்பிவிடும். சிகிச்சை முடிந்து வந்தவரை அதே தெருவில் தனியாக இறக்கிவிட்டு, "இனி உன் பாடு" என்று திரும்பிவிடுகிறோமே, அது நியாயமா?

புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் வரும் ஒரு வரலாறு நாம் அறிந்ததுதான். முற்காலத்தில் தொண்ணூற்றொன்பது கொலை செய்த ஒருவர், தமக்குத் தௌபா உண்டா என்று ஒரு துறவியிடம் கேட்டார். இல்லை என்று சொன்ன துறவியையும் கொன்று, கணக்கை நூறாக்கினார். பிறகு ஓர் ஆலிமிடம் போனார். தௌபாவின் வாசலை யாரும் அடைக்க முடியாது என்று சொன்ன அந்த ஆலிம், அதோடு நிறுத்தவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், அங்கே திரும்பிப் போகாதே, நல்லடியார்கள் வாழும் இன்ன ஊருக்குப் போய் அவர்களோடு சேர்ந்து வணங்கு என்று வழிகாட்டினார். புறப்பட்டவர் பாதி வழியில் மௌத்தாகிவிட்டார். வானவர்கள் தூரத்தை அளந்தபோது அவர் நல்ல ஊருக்கே ஒரு சாண் நெருங்கியிருந்தார். ரஹ்மத்துடைய மலக்குகள் அவரைக் கொண்டு சென்றார்கள்.

தௌபா செய்தவருக்கு வாழும் இடம் மாற வேண்டும், கூட்டு மாற வேண்டும் என்ற உண்மை இதில் இருக்கிறது. பாதி வழியில் இருந்தவரையும் அல்லாஹ் தள்ளிவிடவில்லை. நாம் மட்டும் முழுதாகத் திருந்தி வரட்டும், பிறகு பார்ப்போம் என்கிறோம்.

இந்த உண்மையை வேறொரு வழியில் கண்டுகொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துச் சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊரில், குடியை விட்டவர்கள் தங்கியிருந்த ஒரு விடுதி 1975-ல் மூடப்பட்டது. அங்கே இருந்தவர்கள் பால் மொலாய் என்பவருடன் சேர்ந்து, தாங்களே வாடகை கொடுத்து வீட்டை நடத்தத் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டு ஹவுஸ் என்று அதற்குப் பெயர். நிர்வாகத்தைத் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுப்பார்கள். வாடகையைப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். மீண்டும் போதையைத் தொட்டவர் வெளியேற வேண்டும். ஒழுங்காக இருப்பவர் எத்தனை காலமும் தங்கலாம். இன்று அத்தகைய வீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. சிகிச்சை முடித்த 150 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2006-ல் வெளிவந்தது. இரண்டு ஆண்டு முடிவில், வழக்கமான முறையில் வீடு திரும்பியவர்களில் நூற்றுக்குச் சுமார் 65 பேர் மீண்டும் போதைக்குப் போயிருந்தார்கள். இத்தகைய வீட்டில் தங்கியவர்களில் அது சுமார் 31 தான்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதியதா? மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் வீடற்ற தோழர்களைத் தங்கவைத்து உணவும் கல்வியும் கொடுத்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அந்தத் திண்ணைத் தோழர்களை அஹ்லுஸ் ஸுஃப்ஃபா என்கிறோம். மக்காவை விட்டு வந்த முஹாஜிர் ஒவ்வொருவருக்கும் மதீனத்து அன்ஸாரி ஒருவரைச் சகோதரராகச் சேர்த்து வைத்ததும் அவர்கள்தான். கூட்டத்தோடு கூட்டமாக விட்டுவிடாமல் ஆளுக்கு ஒரு துணையைக் கொடுத்தார்கள்.

துணை நிற்பதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு வேண்டும். சிறந்த அமல் எது என்று வெவ்வேறு தோழர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் வெவ்வேறு பதில் சொன்னார்கள். கேட்டவரின் நிலை அறிந்து சொன்ன பதில்கள் அவை என்பது உலமாக்களின் விளக்கம். அதுபோலவே, வெளிநாட்டுத் தனிமையில் குடியைப் பழகி வந்தவருக்கு வேண்டியது ஒன்று. மாத்திரைக்கு அடிமையான கல்லூரி மாணவனுக்கு வேண்டியது வேறு. ஒருவருக்குக் கடன் தீர வேண்டும். ஒருவருக்கு வேலை வேண்டும். இன்னொருவருக்கு மனநோய்க்கு மருந்து வேண்டும். எல்லோருக்கும் ஒரே பயானைச் செய்துவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது.

மீண்டும் விழுந்துவிட்டால் என்ன செய்வது? அந்தக் காலத்தில் ஒருவர் குடித்ததற்காகத் திரும்பத் திரும்பத் தண்டனைக்குக் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர், சபிக்காதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனை நிறைவேறியது, ஆனாலும் அவரை யாரும் ஜமாஅத்தை விட்டுத் தள்ளவில்லை. வீட்டு விதியை மீறியவரை மற்றவர்களின் பாதுகாப்புக்காக வெளியே அனுப்ப நேரலாம். அப்போதும் மறுபடி சிகிச்சைக்குக் கூட்டிப் போக ஒருவர் அவரோடு நடக்க வேண்டும்.

ஜமாஅத் பெரியோர்களே! பள்ளிவாசல் வக்ஃபுச் சொத்துக்களிலும் வெளிநாட்டில் இருப்போரின் பூட்டிக் கிடக்கும் வீடுகளிலும் ஒன்றாவது இதற்குக் கிடைக்காதா? ஆறு பேர் தங்கட்டும். வேலைக்குப் போய் அவர்களே இயன்ற வாடகை கொடுக்கட்டும். ஐவேளை ஜமாஅத்தும் கூட்டுச் சமையலும் நடக்கட்டும். வைத்தியரிடம் தவறாமல் போய் வரட்டும். ஏழையாக இருப்பவருக்கு ஜகாத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே! மகனுடைய குடியை மானத்துக்கு அஞ்சி மறைத்து, கடனை இரகசியமாக அடைத்து, நகையை இழந்து நிற்கிறீர்கள். நோயை மறைப்பதால் நோய் வளரும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980-ல் டி.டி. ரங்கநாதன் பெயரால் சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறார்கள். அரசாங்கத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446 இருக்கிறது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

பெருநாளுக்கு மறுநாள் அந்தச் சகோதரர் எங்கே போவார் என்பதை ரமலானிலேயே யோசித்து வையுங்கள். வல்ல ரஹ்மான், திரும்பி வர நாடும் ஒவ்வொருவருக்கும் வழியில் ஒரு வீட்டையும் ஒரு துணையையும் நம் கைகளால் அமைத்துத் தருவானாக! ஆமீன்.