பெயர்த்த தெய்வம் திரும்பி வரும் ஊர்

பொங்கலுக்கு மறுநாள் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்கு வருகிறார். முதல் நாள் இரவே கோயிலிலிருந்து புறப்பாடு. முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை, வாலாஜாபாத் என்று வழியிலுள்ள ஊர்களில் நின்று, மண்டகப்படி ஏற்று, கற்பூர ஆரத்தி கண்டு, விடிந்தபின் பத்மகிரி மலையடிக்கு வந்து சேருகிறார். மலைமேல் லட்சுமி நரசிம்மர் கோயிலருகே அவருக்குத் திருமஞ்சனம் நடக்கிறது. சாயங்காலம் இறங்கி, பாலாற்று மணலைக் கடந்து, அக்கரையிலுள்ள திருமுக்கூடலுக்குப் போகிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற அந்த இடத்தில் பழையசீவரம் நரசிம்மரும் சாலவாக்கம் சீனிவாசரும் காவாந்தண்டலம் லட்சுமி நாராயணரும் திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசரும் அவரோடு சேர்ந்து காட்சி தருகிறார்கள். பார்வேட்டை என்பது விழாவின் பெயர்.

அத்தனை பெரிய கோயிலின் பெருமாள் இந்தச் சின்ன ஊருக்கு ஏன் வர வேண்டும்? ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. காஞ்சியில் அத்திமரத்தாலான மூலவரை அனந்தசரஸ் குளத்தில் எழுந்தருளச் செய்தபோது கருவறைக்கு வேறொரு திருமேனி தேவைப்பட்டது. பழையசீவரத்திலிருந்த தேவராஜப் பெருமாளைத்தான் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்கள் என்பது அந்தச் செவிவழிக் கதை. எடுத்துப்போன ஊருக்கு ஆண்டுக்கொரு முறை வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறாராம். கதையின் சரித்திரம் எப்படியும் இருக்கட்டும். அது சொல்லும் நியாயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தெய்வத்தை ஓர் இடத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு போகலாம். அதற்குச் சாத்திரத்தில் வழி இருக்கிறது. ஆனால் பெயர்த்ததோடு அந்த இடத்துக்குப் பட்ட கடன் முடிந்துவிடுவதில்லை.

இதே மாவட்டத்தின் வடக்கே, பரந்தூரில், இப்போது ஊர்களையே பெயர்க்கும் பேச்சு நடக்கிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கான இடம் பரந்தூர் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவுக்குத் திட்டம்; 13 ஊர்களில் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். அதில் நஞ்சையும் உண்டு, ஏரிகளும் உண்டு, அந்த ஏரிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் உண்டு. அந்த ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பே, 2022 ஜூலை இறுதியில், எதிர்ப்புத் தெரிவித்துக் கூடத் தொடங்கிவிட்டார்கள். பகலில் வயல் வேலை, கம்பெனி வேலை. மாலையில் போராட்டப் பந்தல். 2025 ஜனவரியில் அந்தப் போராட்டம் 900 நாட்களைக் கடந்தது. இடையில் 2024 நாடாளுமன்றத் தேர்தலையும் அவர்கள் புறக்கணித்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்துக்குக் கொள்கையளவிலான ஒப்புதலைத் தந்தது.

இந்த விவகாரத்தை வேலைவாய்ப்பு, இழப்பீடு, நீர்நிலை என்ற கணக்குகளில் பலர் பேசிவிட்டார்கள். அவை எல்லாமே முக்கியமானவை. ஆனால் அடியில் கிடக்கும் கேள்வி சமயம் சார்ந்தது: ஓர் இடம் என்பது விலை கொடுத்தால் தீர்ந்துவிடும் பொருளா?

பயணியின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வழிப்போக்கனுக்கு வசதி செய்து கொடுப்பது இந்த மண்ணில் வெறும் வியாபாரமாக இருந்ததில்லை. அது அறம். சத்திரம், தண்ணீர்ப்பந்தல், சாலையோர மரம், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல். கருவோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழ்நாட்டுச் சாலைகளில் இருந்தது. அவள் இறக்கி வைக்க முடியாத பாரத்தை, முகம் தெரியாத யாரோ ஒருவர் அந்தக் கல்லில் இறக்கி வைத்தார். பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், திருமுக்கூடல் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து நடந்த 15 படுக்கை ஆதுலர்சாலையின் விவரம் அதில் உள்ளது: ஒரு மருத்துவர், ஒரு சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள். வேதம் படிக்க வந்து தங்கிய மாணவர்களுக்கு விடுதியும் உணவும்கூட அந்த அறக்கட்டளையில் அடங்கும். வந்தவனைத் தாங்குவது தெய்வகாரியம் என்று 11ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றங்கரை நினைத்தது.

அந்தக் கண்ணோடு சென்னையின் இப்போதைய விமான நிலையமான மீனம்பாக்கத்தைப் பார்த்தால் நெரிசலின் துயரம் புரியும். 1932இல் டாடா தபால் விமானம் வந்திறங்கிய காலத்தில் அது ஊருக்கு வெளியே கிடந்த திடல். இப்போது ஒரு பக்கம் பரங்கிமலை, இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, நடுவே அடையாறு. இரண்டாவது ஓடுபாதை ஆற்றின் மேல் பாலம் போட்டு நீட்டப்பட்டது. இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் ஒரே நேரத்தில் இரண்டையும் முழுமையாகப் பயன்படுத்த வழியில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையமே சில நாட்கள் மூடிக்கிடந்தது. 2023 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்ட புதிய முனையத்தின் முதல் கட்டத்துக்கு 1,260 கோடி ரூபாய் செலவானது. ஆண்டுக்கு 2.3 கோடியாக இருந்த பயணிகள் கொள்ளளவு 3 கோடியானது. முனையத்துக்குள் கோலமும் கோயில் வடிவங்களும் அழகாகவே வந்திருக்கின்றன. வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளி, சிகிச்சைக்கு வரும் வெளிநாட்டு நோயாளி, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டி என்று எல்லோருமே வழிப்போக்கர்கள். அவர்களுக்கு நல்ல நாற்காலியும் சுத்தமான கழிப்பறையும் நீளாத வரிசையும் கிடைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

ஆனால் சத்திரம் கட்டியவர் அதைத் தன் நிலத்தில் கட்டினார், அல்லது விலைக்கு வாங்கித் தானமாக விட்டார். பக்கத்து வீட்டுக்காரனை எழுப்பிவிட்டு, அவன் திண்ணையைச் சத்திரமாக்கிப் புண்ணியம் தேடியதாக எங்கும் கல்வெட்டு இல்லை. கோயில் தானங்களிலும் உழுதவனுடைய குரல் கேட்கப்படாமல் போன இடங்கள் உண்டு என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது. தேர் எல்லாத் தெருவுக்கும் போனதில்லை. பழைய காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவதற்காக இது எழுதப்படவில்லை. அந்தப் பழைய காலமே தனக்குத்தானே விதித்துக்கொண்ட அளவுகோலைத்தான் இன்றைய அரசுக்கும் நீட்ட வேண்டியிருக்கிறது.

அந்த அளவுகோல்களில் ஒன்று உத்திரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், ஊர்ச்சபை குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்த விதம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டது. அதில் ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழு. ஏரியைக் காப்பதற்கென்றே ஊர் ஆளெடுத்தது. இன்றைய ஏகனாபுரம் கிராம சபை விமான நிலையம் வேண்டாம் என்று மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டிருக்கிறது. உத்திரமேரூர்ச் சுவரை மேடைகளில் பெருமையோடு காட்டுகிறவர்கள் அந்தத் தீர்மானங்களையும் அதே மரியாதையோடு படிக்க வேண்டும். 1,100 ஆண்டு பழைய சபைக்கு மாலையும் இன்றைய சபைக்கு மௌனமும் என்பது நியாயமாகாது.

இனி சாமிகள். ஆகமக் கோயில் என்றால் பாலாலயம் செய்து, மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, வேறிடம் கொண்டுபோக முறை இருக்கிறது. காஞ்சி வரதரே ஊரை விட்டுப் போனவர்தான். 1688 வாக்கில் மொகலாயப் படைக்கு அஞ்சி உற்சவரை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோனார்கள்; 1710இல் லாலா தோடர்மாலின் முயற்சியால் திரும்பி வந்தார். அத்தி வரதர் குளத்துக்குள் போய் 40 ஆண்டுக்கொரு முறை வெளியே வருகிறார். 2019 ஜூலை 1 முதல் 48 நாட்கள் அவரைக் காணக் காஞ்சிபுரமே திணறியது. இப்படிப் போகிற தெய்வமெல்லாம் திரும்புகிறது. திரும்புவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதில்தான் அந்தப் போக்குவரத்துக்கு அர்த்தம்.

எல்லைச்சாமியின் கதை வேறு. ஏரிக்கரையில் நிற்கும் அம்மனுக்கு வேலையே அந்தக் கரையைக் காப்பதுதான். எல்லையைச் சுற்றிக் காப்புக் கட்டி, அதற்குள் இருக்கும் உயிர்களுக்குப் பொறுப்பேற்கும் தெய்வத்தை, எல்லை இல்லாத மறுகுடியமர்வு மனைப்பிரிவில் எங்கே வைப்பது? கல்லைக் கொண்டுபோகலாம். கோபுரத்தோடு புதுக்கோயிலே கட்டித் தரலாம். காக்க வேண்டிய ஏரி கான்கிரீட்டுக்கு அடியில் போனபின் அவளுக்கு என்ன வேலை? மேட்டூர் அணை 1934இல் நிறைவடைந்தபோது மூழ்கிய ஊர்களின் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் பண்ணவாடியில் நீர் வற்றும்போதெல்லாம் தலைகாட்டுகின்றன. அணையால் டெல்டா செழித்தது உண்மை. நீர் இறங்கினால் ஜனங்கள் அந்த நந்தியைப் பார்க்கப் போகிறார்கள் என்பதும் உண்மை.

ஜப்பானிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. 1945 செப்டம்பரில் ஹனேடா விமானத் தளத்தை விரிவாக்க, ஆக்கிரமிப்புப் படை அங்கிருந்த மக்களை 48 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது. அனமோரி இனாரி கோயிலும் போயிற்று. ஆனால் அதன் சிவப்புத் தோரண வாயில் மட்டும் போகவில்லை. கை வைத்தால் ஆபத்து என்ற பேச்சு பரவி, பல பத்தாண்டுகள் விமான நிலைய வாகன நிறுத்தத்தின் நடுவே நின்றது. 1999இல்தான் அதை மரியாதையாக ஆற்றோரத்துக்கு நகர்த்தினார்கள். நரிட்டாவில் 1966இல் தொடங்கிய நிலமெடுப்பு ரத்தம் சிந்தும் போராட்டமாகி, 1978இல் நிலையம் திறந்த பின்னும் ஓயவில்லை. 1995இல் பிரதமர் முராயாமா அந்த விவசாயிகளிடம் மன்னிப்புக் கேட்டார். இன்றும் தோஹோ என்ற சிறு கோயில் வேலிகளுக்கு இடையே அங்கே நிற்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சங்குமுகம் கடற்கரைக்கு ஆராட்டுப் போகிறார். வழியில் விமான நிலையம். ஊர்வலம் ஓடுபாதையைக் குறுக்கே கடக்கிறது. சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்புப் போகிறது. நிலையம் வந்தது 1932இல். பாதை அதற்கு முந்தியது. ஒரு சர்வதேச விமான நிலையம் தன் அட்டவணையைத் திருத்திக்கொண்டு, இந்த நிலத்தில் எனக்கு முன் ஒருவர் நடந்தார் என்று ஒப்புக்கொள்கிறது. பழையசீவரத்துப் பார்வேட்டையின் நியாயமும் இதுதான்.

ஆனால் பத்மநாபசுவாமிக்கு ராஜகுடும்பம் இருந்தது. ஏகனாபுரத்து அம்மனுக்கு யார் இருக்கிறார்கள்?

நிலம் போகிறவருக்காவது ஒரு காசோலை வரும். நிலம் போகாமல் ஓடுபாதையின் நேர்க்கோட்டில் மாட்டிக்கொள்ளும் பக்கத்து ஊர்க்காரருக்கு அதுவும் வராது. இறங்கும் விமானம் பொதுவாக 3 பாகைச் சரிவில் வரும். ஓடுபாதைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் அது வெறும் 260 மீட்டர் உயரத்தில் இருக்கும். மீனம்பாக்கத்தைச் சுற்றியுள்ள பொழிச்சலூர், கவுல் பஜார், கொளப்பாக்கம் பக்கத்து மக்களிடம் கேட்டால் தெரியும்: பேச்சை நிறுத்தி, விமானம் போனதும் விட்ட இடத்தில் தொடர்வது அங்கே பழக்கமாகிவிட்டது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000ஆம் ஆண்டு விதி. பரபரப்பான விமான நிலையங்களைச் சுற்றி 2018இல் வகுத்த வரம்போ பகலில் 70, இரவில் 65. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. அதுவும் சராசரிக் கணக்கு. இரவு இரண்டு மணிக்குத் தொட்டிலில் திடுக்கிட்டு அழும் குழந்தைக்குச் சராசரி தெரியாது.

கோயில் ஒலிபெருக்கி மட்டும் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி; மார்கழி விடியலில் வரம்பு மீறும் குழாய்களையும் அதே விதியால்தான் அடக்க வேண்டும். ஆனால் பார்வேட்டை வேட்டுச் சத்தம் ஊர் கூடி எழுப்புவது. ஒரு நாளோடு முடிவது. யாருக்கோ நேரமாகிறது என்பதற்காக நாள்தோறும் தலைக்கு மேல் கொட்டப்படும் ஓசையை அதோடு ஒப்பிட முடியாது. 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே பார்த்தது. வட கரோலினாவில் காஸ்பி என்ற கோழிப்பண்ணைக்காரரின் நிலத்துக்கு மேல் 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் பறந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. பண்ணையையே மூட வேண்டியதாயிற்று. வானம் பொதுவழிதான்; ஆனாலும் இத்தனை தாழப் பறப்பது நிலத்தையே எடுத்துக்கொண்டதற்குச் சமம், இழப்பீடு கொடு என்றது தீர்ப்பு.

பரந்தூரில் ஓடுபாதை வருவதாக இருந்தால், அதன் திசையை உறுதி செய்யும் முன் எந்தெந்த ஊரின் மேல் எத்தனை உயரத்தில் விமானம் போகும் என்ற வரைபடம் தமிழில் அச்சாகி ஒவ்வொரு கிராம சபையிலும் விரிக்கப்பட வேண்டும். நிலம் இழக்காமல் தூக்கம் இழப்பவரும் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் சேர வேண்டும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து விடியற்காலை 5 மணி வரை வழக்கமான விமானங்கள் ஏறி இறங்குவதில்லை. வணிகம் அதனால் செத்துவிடவில்லை. வேண்டாம் என்ற தீர்மானங்களுக்கு ஒற்றை வரி மறுப்பு போதாது. காரணம் சொல்லும் பதில் எழுத்தில் வர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நிலையம் எழும்பினால், பெயர்க்கப்பட்ட ஊர்கள் தங்கள் பழைய எல்லைக்கு ஆண்டுக்கொரு நாள் திரும்பி வர உரிமை வேண்டும். வேலிக் கதவு திறந்து, ஓடுபாதை ஓய்ந்து, ஏரி இருந்த இடத்தில் அவர்கள் பொங்கல் வைக்கட்டும். திருவனந்தபுரத்தில் முடிகிற காரியம் இங்கே முடியாமல் போக எந்தத் தொழில்நுட்பக் காரணமும் கிடையாது. அது ஆடியிலா தையிலா, எந்தக் கிழமையில், எந்த வழியாக என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் மாலைதோறும் ஏகனாபுரத்துப் பந்தலில் வந்து உட்கார்ந்தவர்கள்தான்.