இடம் கேட்பது ஆசையா?

தருமத்தை ஏற்று நெடுநாள் ஆகாத அன்பர் ஒருவர் சில தினங்களுக்கு முன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். பாலக்காட்டிலிருந்து கோயமுத்தூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புகிறவர் அவர். காலையிலும் மாலையிலும் கூடுதலாக வண்டிகள் விடவேண்டுமென்று பிரயாணிகள் எழுதிய மனு ஒன்று அவரிடம் கையொப்பத்துக்கு வந்தது. அருகில் நின்ற ஒருவர், "ஆசையை விடச் சொன்ன புத்தரைப் பின்பற்றும் உமக்கு இடம் வேண்டுமென்ற ஆசை எதற்கு?" என்று நகைத்தாராம். அன்பர் கையொப்பம் இட்டுவிட்டார். ஆயினும் மனம் உறுத்தவே நம்மிடம் வந்தார். இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. கூலி கேட்டால் ஆசை, மனை கேட்டால் ஆசை, நிற்க இடம் கேட்டாலும் ஆசை என்று சொல்லி நம் வாயை அடைப்பது பிறருக்கு மிக எளிதாயிருக்கிறது. ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் காரியத்தின் தன்மையை அறிதல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் 1862ஆம் ஆண்டு முதல் புகைவண்டி ஓடுகிறது. ஒற்றைப்பாலத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கிழக்கே கோவை நோக்கிச் செல்வோர் ஒருபுறம். கோவையிலிருந்து மேற்கே கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்குச் செல்வோர் மறுபுறம். மாணவர், செவிலியர், கடைச் சிப்பந்திகள், ஆலைத் தொழிலாளர் ஆகிய யாவருக்கும் வேலை தொடங்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. நெடுந்தூர விரைவு வண்டிகளில் முன்பதிவு இல்லாத பெட்டிகளோ சிலவே. குறுந்தூர வண்டி ஒன்று தவறினால் அரைநாள் சம்பளம் போகும். ஆதலால் மக்கள் படிக்கட்டில் தொங்குகிறார்கள்.

அவ்வாறு தொங்குவதன் விலை யாதென்பதைச் சென்னைப் பரங்கிமலை நிலையத்தில் கண்டோம். 2018ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், படிக்கட்டில் தொங்கிச் சென்ற இளைஞர்கள் தண்டவாளத்தை ஒட்டிய சுவரில் மோதி மாண்டனர். அவர்கள் உல்லாசத்தை நாடி ஏறியவர்கள் அல்லர். வேலைக்கும் படிப்புக்கும் நேரத்தோடு சேர ஏறியவர்கள்.

கணவாயை விட்டுத் தெற்கே மலைமீது ஏறினால் நிலைமை இன்னும் வேறு. இடுக்கி மாவட்டத்தில் இன்றுவரை இரயில் பாதையே கிடையாது. முன்னொரு காலத்தில் மூணாற்றில் ஒரு சிறு பாதை இருந்தது. 1902இல் எருதுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியாய்த் தொடங்கி, 1908இல் நீராவி வண்டியாகி, 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அது அழிந்தது. அது தேயிலைக்காக அமைந்த பாதை. தோட்டத்துத் தேயிலை தண்டவாளத்திலும் கயிற்றுப் பாதையிலும் சவாரி செய்து போடி நோக்கி இறங்கியது. அத்தேயிலையைக் கிள்ளிய நம் தமிழ் மக்கள் மலைப்பாதையில் கால்நடையாகவே ஏறினார்கள். பண்டம் வாகனத்தில் ஏறவும் மனிதன் நடக்கவுமான ஏற்பாட்டை அக்காலத்தில் எவரும் ஆசையென்று பழிக்கவில்லை!

அம்மலைவாசிகளுக்கு அண்மையான நிலையங்களுள் ஒன்று போடிநாயக்கனூர். 1928இல் திறந்த மதுரை-போடிப் பாதை, அகலப் பாதையாக்கும் பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் 15ஆம் நாள் போடி வரையிலும் வண்டி மீண்டும் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அப்போது விட்ட முன்பதிவில்லா வண்டி காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு, மாலையில் போடியிலிருந்து திரும்பியது. காலையில் மதுரைக்குச் சென்று மருத்துவரைக் கண்டு மாலையில் வீடு சேர எண்ணிய போடிக்காரருக்கு அவ்வண்டி எதிர்த்திசையில் ஓடியது. பாதை இருந்தும், வண்டி இருந்தும், வேண்டிய நேரத்தில் இல்லையாயின் அவருக்கு அது இல்லாததே ஆகும். காலமறியாத தானம் பாதி தானமே.

இனிக் கேள்விக்கு வருவோம். பகவான் விடச் சொன்னது எது? சித்தார்த்தர் ஆறாண்டுகள் உடலை வாட்டினார்; எலும்பும் தோலுமானார். அதனால் ஞானம் கிட்டாதென்று உணர்ந்து, சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்று உண்டார். பசிக்கு உண்டதை எவரேனும் ஆசை என்பரோ? உடம்பின் தேவை வேறு. மேலும் மேலும் எனக்கே என்று பற்றி எரியும் வேட்கை வேறு. ஒற்றைக் காலில் ஒரு மணி நேரம் நின்று செல்வது நாம் விரும்பி ஏற்ற தவமன்று. பிறர் நம்மீது சுமத்திய வருத்தம். துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்குதல் உண்டு, நீங்கும் வழியும் உண்டு என்று உரைத்த ஆசானின் மாணாக்கர், காரணம் தெரிந்த துன்பத்தைத் தலைவிதி என்று ஏற்பது தருமமாகாது.

ஆயின் அந்த நகைப்பில் ஒரு சிறு உண்மையும் உண்டென்பதை நாம் மறைக்கக்கூடாது. வேட்கை மனுவில் இல்லை; வண்டிக் கதவருகில் இருக்கிறது. நடைமேடையில் நிற்கும்போது "இன்னும் ஒருவருக்கு இடமுண்டு, ஏற விடுங்கள்" என்று கெஞ்சுகிறோம். ஒரு காலை உள்ளே வைத்ததும் அதே வாய், "இடமில்லை, அடுத்த வண்டியில் வா" என்கிறது. இடையில் கழிந்தது அரை நிமிஷம். அவ்வரை நிமிஷத்தில் நம்முள் மாறியது என்ன?

சாக்கியரும் கோலியரும் உறவினர். உரோகிணி ஆற்றின் நீர் குறைந்த காலத்தில், யாருடைய வயலுக்கு முதலில் பாய்வது என்ற வழக்கில் அவ்வுறவினர் ஆயுதம் ஏந்தினர். நீர் பெரிதா, மனிதரின் குருதி பெரிதா என்று பகவான் அவர்களை வினவியதாகச் சொல்வர். பாபாசாகேப் அம்பேத்கரோ தம் நூலில் இவ்வழக்கையே சித்தார்த்தர் வீடு துறந்ததற்குக் காரணமாகக் காட்டுகிறார். நெரிசல் மிக்க பெட்டியும் ஓர் உரோகிணியே. குறைவாய் உள்ள ஒன்றின் முன் அண்டை வீட்டாரும் பகைவராகின்றனர். தமிழர், மலையாளி என்ற பேதம் அங்கே தலைதூக்குகிறது. கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணும் போட்டியாளராகத் தோன்றுகிறாள். நீரைக் குறைத்து வைத்தவனை விட்டு, தாகத்தோடு வந்தவனையே நாம் வெறுக்கிறோம்.

இவ்விடத்தில் நம் வகுப்பாருக்குத் தனிப்பட்ட ஒரு கடமை இருக்கிறது. 1901ஆம் ஆண்டில் சிறுவர் அம்பேத்கர் தம் தமையன் முதலியோருடன் தந்தையைக் காணப் புறப்பட்டு, மசூர் நிலையத்தில் இறங்கினார். நல்லுடை அணிந்த பிள்ளைகளைக் கண்டு பரிவோடு விசாரித்த நிலைய அதிகாரி, மகார் என்ற சொல் காதில் விழுந்ததும் பின்வாங்கினார். மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்ற இசையவில்லை. இரட்டைக் கூலி பெற்று, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் நடந்து வருவதாக ஒப்பிய பின்னரே அவர்கள் அங்கிருந்து புறப்பட முடிந்தது. சீட்டு வாங்கியவரைப் புகைவண்டி ஏற்றிக்கொண்டது. மாட்டுவண்டியோ சாதி கேட்டது. தோளோடு தோள் உரசும் பெட்டியில் தீண்டாமையைக் காப்பது கடினம். ஆதலின் அப்பொதுப் பெட்டி நமக்கு வெறும் வாகனமன்று. வெளியே நிறுத்தப்படுவது இன்னதென்று தலைமுறை தலைமுறையாய் அறிந்த நாம், உள்ளே ஏறியபின் கதவை அடைப்பவராவோமாயின், தருமம் நம்மிடத்தில் என்ன மாறுதலைச் செய்தது?

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? பெட்டிக்குள் பொறுமை, காகிதத்தில் பொறுமையின்மை. இரண்டும் ஒருங்கே வேண்டும். இதற்கு நம் தமிழ்ப் பௌத்தமே வழிகாட்டுகிறது. மணிமேகலை பசித்தவரிடம் பசியைப் பொறுத்திருக்குமாறு உபதேசிக்கவில்லை; அமுதசுரபியை ஏந்திச் சென்றாள். அத்துடன் நில்லாமல் சோழ மன்னனிடம் ஒரு வேண்டுகோளும் விடுத்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பதே அது. அரசனிடம் கேட்பது இழிவென்று அத்துறவி கருதவில்லை. ஆனால் தனக்கென ஒன்றும் கேட்டாளில்லை, அடைபட்டிருந்தோருக்காகக் கேட்டாள். கோரிக்கையை ஆசையினின்று பிரிக்கும் எல்லைக்கோடு இதுவேயாகும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2024 செப்டம்பரில் வேணாடு விரைவு வண்டியின் நெரிசலில் பெண் பயணிகள் மயங்கி விழுந்தனர். அடுத்த மாதமே கொல்லத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே காலைநேர மெமு வண்டி ஒன்று விடப்பட்டது. ஒரு மாதத்தில் முடிந்த காரியம் முன்பே முடிந்திருக்கலாகாதா? யாரேனும் மயங்கி விழுந்த பின்னரே இரக்கம் பிறக்க வேண்டுமாயின், விழும்வரை வாய்மூடி இருந்தோர்க்கும் அக்குற்றத்தில் பங்குண்டு.

இன்னும் ஒன்று. வாளையாறு, மதுக்கரைப் பகுதியில் இப்பாதை யானைகள் நடமாடும் காட்டினூடே செல்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் வண்டி மோதி இறந்தன. எல்லா உயிர்களிடத்தும் மைத்திரி பேணும் நாம் வண்டிகளைப் பெருக்கக் கேட்கும்போது அவற்றை மறத்தல் தகாது. 2024 முதல் அங்கே உயர்ந்த கம்பங்களில் கருவிகள் பொருத்தி, யானைகள் பாதையை நெருங்குவதை முன்னறிந்து வண்டி ஓட்டுநருக்கு உணர்த்துகின்றனர். மனிதரின் தேவையும் விலங்கின் உயிரும் ஒன்றையொன்று கொல்லாமல் வாழ முடியும். அதற்கு முயற்சியும் செலவும் வேண்டும். அதையும் நம் மனுவில் சேர்த்தே கேட்போம்.

அன்பருக்கு நாம் சொன்ன விடை இதுவே: "கையொப்பம் இட்டது சரி. ஆனால் அது பாதிக் காரியமே. நாளைக் காலை கதவருகில் நிற்க நேர்ந்தால், ஓர் அடி உள்ளே தள்ளி நின்று, வெளியே நிற்பவருக்குக் கை கொடும். அப்போதுதான் உம் கையொப்பம் முழுமை பெறும்." அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "உள்ளே தள்ளி நின்றால் என் நிலையத்தில் இறங்குவது கடினமாயிற்றே!" என்றார். உண்மைதான், அக்கடினத்தையும் சேர்த்தே நாம் தானம் என்கிறோம்.

எல்லா உயிர்களும் இன்புறுக!